பிளாஸ்டிக் பையை உருக்கித் தரை டைல் செய்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் பைகளை இளக்கி, அதில் மணலைக் கலந்து, இரும்பு அச்சில் வைத்து அழுத்தினால் நடைபாதையில் பதிக்கக்கூடிய டைல் கிடைக்கும். சிமெண்ட் தேவையில்லை. சிமெண்ட் கல்லைப் போல நாள்கணக்கில் தண்ணீர் விட்டு இறுகவைக்கவும் வேண்டாம். காலையில் ஊற்றிய டைல் மீது மாலையில் ஏறி நிற்கலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை உருக்குவது வேறு, எரிப்பது வேறு. பாத்திரத்திலிருந்து கரும்புகை வந்தால் நீங்கள் எரித்துக்கொண்டிருக்கிறீர்கள். காற்றும் கெடுகிறது, டைலும் கெடுகிறது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இது சோதனைக்கூடத்திலேயே நின்றுவிட்ட யோசனை அல்ல. கென்யாவின் நசாம்பி மாட்டே பிளாஸ்டிக்கையும் மணலையும் சேர்த்து நடைபாதைக் கற்கள் செய்யும் தொழிலைக் கட்டியெழுப்பினார். அதற்காக 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் இளம் சாதனையாளர் விருது அவருக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் கலந்து சாலை போடும் முறையைக் கண்டறிந்த பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய முறையில் முதலில் சூடாவது ஜல்லி. சுடும் ஜல்லி மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவ, அவை இளகி மேற்பூச்சாக ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் இங்கே பசை. பாரத்தைத் தாங்குவது கல்லும் மணலும். நம் டைலுக்கும் அதே கணக்குதான்.

எந்தப் பிளாஸ்டிக்: பாதி வேலை இதில்தான்

புதிதாக வருபவர்கள் அடுப்பைப் பற்றியும் அச்சைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். உண்மையில் டைல் நன்றாக வருமா வராதா என்பது தரம் பிரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

நமக்கு வேண்டியது எல்டிபிஇ, அதாவது அடர்த்தி குறைந்த பாலித்தீன். மென்மையான பைகள், பால் உறைகள், பொருட்களைச் சுற்றிவரும் மெல்லிய தாள் போன்றவை பெரும்பாலும் இந்த வகை. சுழல் அம்பு முக்கோணத்துக்குள் 4 என்ற எண் இருக்கும். எண் இல்லாவிட்டால் கையால் பாருங்கள்: இழுத்தால் கிழியாமல் நீளும், கசக்கினால் அதிகம் சத்தம் போடாது. சுமார் 110 டிகிரி செல்சியசில் இளகும். மெல்லிய, சரசரவென்று ஒலிக்கும் பைகள் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலித்தீன், எண் 2. இளகுவது சுமார் 130 டிகிரி. இதைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், டைல் கூடுதல் விறைப்பாக வரும். எண் 5 கொண்ட பிபி (பாலிபுரோப்பிலீன்) 160 டிகிரிக்கு மேல்தான் இளகும். அனுபவம் வரும்வரை அதை ஒதுக்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், எண் 1, ஏறக்குறைய 250 டிகிரி கேட்கும். அந்தச் சூட்டுக்குப் போவதற்குள் மற்றவை தீய்ந்துவிடும். பாட்டிலுக்கு வேறு நல்ல மறுசுழற்சி வழிகள் இருக்கின்றன, அங்கே அனுப்புங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாதது பிவிசி, எண் 3. குழாய், மின்கம்பி உறை, ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர், மாத்திரை அட்டை ஆகியவற்றில் இது இருக்கும். சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது ஈரத்தில் கரைந்தால் அமிலம். கண்ணும் தொண்டையும் எரியும், நுரையீரல் பாதிக்கும், இரும்புப் பாத்திரமும் அரிக்கும். எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் உருவாகலாம். ஒரு துண்டு பிவிசிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் வந்த எதையும் வெளியே போடுங்கள். நான் கடைப்பிடிக்கும் விதி இது ஒன்றுதான்: அடையாளம் தெரிந்தால் உள்ளே, தெரியாவிட்டால் வெளியே.

உதவிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, சிறு துண்டுகளை அமிழ்த்திக் காற்றுக் குமிழ்கள் போகும்படி அலசுங்கள். எல்டிபிஇ, எச்டிபிஇ, பிபி மூன்றும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட், பிவிசி இரண்டும் கனம், மூழ்கும். பார்ப்பதற்குச் சாதாரணப் பை போலவே இருக்கும் மக்கும் பைகளும் பெரும்பாலும் மூழ்கிவிடும். மூழ்கியது எதுவும் நமக்கு வேண்டாம். உள்ளே வெள்ளிநிறம் மின்னும் நொறுக்குத்தீனி உறைகளையும் எடுத்துவிடுங்கள். அவை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை, சீராக இளகாது.

பிரித்ததைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கும் உணவும் போனபின் கொடியில் போட்டு முழுக்கக் காயவையுங்கள். காகித ஒட்டுகள், ஸ்டேப்ளர் பின்கள் இருந்தால் பிய்த்தெடுங்கள். பிறகு கத்தரிக்கோலால் உள்ளங்கை அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். சிறிய அளவுக்கு அரைக்கும் இயந்திரம் தேவையில்லை.

மணலும் கணக்கும்

சுத்தமான ஆற்றுமணலோ நன்கு கழுவிய எம்-சாண்டோ போதும். களிமண் கலந்திருந்தால் பிளாஸ்டிக் ஒட்டாது. மிக நுண்ணிய கண்ணுள்ள சல்லடையிலும் ஒருமுறை, அதைவிடப் பெரிய கண்ணுள்ளதிலும் ஒருமுறை சலியுங்கள். சிறிய கண்ணில் இறங்கும் தூசியையும் பெரிய கண்ணில் தங்கும் கூழாங்கல்லையும் நீக்கிவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது பறக்கும் மணல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்த வேலைக்கும் முகக்கவசம் வேண்டும்.

மணல் துளி ஈரமும் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். ஈர மணலைச் சூடான பிளாஸ்டிக்கில் கொட்டினால் அந்த ஆவி வெடித்துக் கிளம்பி, கொதிக்கும் பிளாஸ்டிக்கை உங்கள் மேல் தெறிக்கவைக்கும். தெறிக்காமல் உள்ளேயே தங்கிவிட்டால் டைலில் ஓட்டை ஓட்டையாக வரும். வெயிலில் பரப்பி, அப்புறம் இரும்புத் தகட்டில் போட்டு வறுத்தெடுப்பது நல்லது. வறுத்த சூட்டோடு சேர்த்தால் இன்னொரு நன்மையும் உண்டு: குளிர்ந்த மணல் விழுந்ததும் பிளாஸ்டிக் கட்டிதட்டும், சூடான மணலில் அந்தத் தொல்லை இல்லை.

விகிதம் எடையில் ஒரு பங்கு பிளாஸ்டிக்குக்கு மூன்று பங்கு மணல். இங்கிருந்து தொடங்குங்கள். மூன்று மடங்கு மணல் அதிகம் என்று தோன்றலாம். மணல் கனமானது, பிளாஸ்டிக் லேசானது. இடைவெளி இல்லாமல் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவுதான். மணல்மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பி, ஒவ்வொரு மணியையும் சுற்றிப் பூசுவதற்கு அவ்வளவு பிளாஸ்டிக் வேண்டும்.

20 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 3 தடிமன் கொண்ட டைலுக்கு 1,200 கன சென்டிமீட்டர் கலவை தேவை. எடை சுமார் 2 கிலோ வரும். அதில் அரை கிலோ பிளாஸ்டிக், ஒன்றரை கிலோ மணல். ஒரு பை 5 கிராம் என்று வைத்தால் ஒரு டைலுக்குள் 100 பைகள்! ஒரு சதுர மீட்டர் பதிக்க 25 டைல்கள், அதாவது பன்னிரண்டரை கிலோ பிளாஸ்டிக். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை இப்படிக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு சேகரிக்க இறங்குங்கள். நடுவில் பிளாஸ்டிக் தீர்ந்துபோய், கிடைத்ததை எல்லாம் போடும் நிலை வரக் கூடாது.

இடமும் உடையும்

திறந்தவெளி வேண்டும், மேலே கூரை இருக்கலாம், நாலு பக்கமும் காற்றோட்டம் அவசியம். வீட்டுக்குள், மாடியறையில், சமையற்கட்டில் செய்யவே கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வரக் கூடாது. வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிடுங்கள். விற்பனைக்காகச் செய்வதென்றால் உங்கள் பகுதியின் மாசுக்கட்டுப்பாட்டு அனுமதி பற்றி விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உடை பருத்தியாக இருக்கட்டும், முழுக்கை, முழுக்கால். நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் தோலோடு ஒட்டும். கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கை வரை நீளும் தோல் கையுறை, கண்ணாடி. முகக்கவசம் வாயுவை உறிஞ்சும் கார்பன் வடிகட்டி பொருத்தியதாக இருக்க வேண்டும். துணிக் கவசம் ஆவியைத் தடுக்காது.

கை எட்டும் தூரத்தில் மூன்று பொருள்கள்: பாத்திரத்துக்குச் சரியாகப் பொருந்தும் இரும்பு மூடி, ஒரு வாளி உலர்ந்த மணல், உலர்தூள் தீயணைப்பான். பிளாஸ்டிக் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடி, மூச்சுத்திணறவைத்து அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பிளாஸ்டிக் எல்லாப் பக்கமும் சிதறும். தண்ணீர் வாளி தீக்காயத்துக்காக மட்டும், கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். சூடான பிளாஸ்டிக் தோலில் பட்டால் பிய்த்தெடுக்காதீர்கள், தோலும் கூடவே வரும். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உருக்குதல்

அகன்ற வாயுள்ள தடித்த இரும்புப் பாத்திரம், அல்லது பாதியாக வெட்டிய டிரம். எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத டிரம்மை வெட்ட வேண்டாம். எரிபொருளோ ரசாயனமோ இருந்த டிரம் வெட்டும்போதே வெடிக்கலாம். பாத்திரம் அசையாமல் நிற்க உறுதியான தாங்கி வேண்டும். கிளற ஒரு மீட்டருக்குக் குறையாத இரும்புக் கம்பி, நுனியில் தட்டையான பட்டை பற்றவைத்தது.

விறகிலும் செய்யலாம். ஆனால் முதல் சில முறை வாயு அடுப்பில் செய்யும்படி சொல்வேன், கைப்பிடியைத் திருப்பினால் சூடு குறையும் என்பது பெரிய நிம்மதி. தீ நாக்கு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே எழக் கூடாது. ஆவி தீப்பற்றுவது அங்கேதான். தகட்டை வளைத்து அடுப்பைச் சுற்றித் தடுப்பு வைத்தால் சரியாக இருக்கும். நூறு கணக்கில் செய்யத் தொடங்கும்போது, மின்சூட்டில் இயங்கும் மூடிய திருகு இயந்திரத்துக்கு மாறுவதே மூச்சுக்கு நல்லது. 2013-இல் நெதர்லாந்தில் டேவ் ஹாக்கன்ஸ் தொடங்கிய பிரெஷஸ் பிளாஸ்டிக் திட்டம் இத்தகைய இயந்திரங்களின் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது.

பாத்திரம் சூடானதும் இரண்டு கைப்பிடி பிளாஸ்டிக் போடுங்கள். அது சுருங்கி, ஒட்டி, பசையாகும்வரை கிளறுங்கள். அப்புறம் இன்னும் இரண்டு கைப்பிடி. ஒரே மூச்சில் கொட்டினால் அடியில் தீய்ந்து மேலே பச்சையாக நிற்கும். எப்போதும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மணலுக்கு இடம் வேண்டும்.

தொலைவிலிருந்து சூடு காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவையுங்கள். 180 முதல் 200 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் எல்டிபிஇ நன்றாக இளகிவிடும், சிதையாது. அது மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும், அடி இன்னும் சூடாக இருக்கும். ஆகவே கிளறிய உடனே பாருங்கள். லேசான மெழுகு வாசனை இயல்பு. மூக்கைத் துளைக்கும் காரநெடியோ புகையோ வந்தால் உடனே சூட்டைக் குறைத்து, தள்ளி நின்று, பாத்திரத்தில் என்ன போனது என்று யோசியுங்கள்.

முழுக்க இளகிய பிளாஸ்டிக் தண்ணீர் போல ஓடாது. தேன் போல, சொல்லப்போனால் அதைவிடத் தடிப்பாக, கம்பியில் இழுபடும். கட்டி எதுவும் தட்டுப்படாமல் ஆகும்வரை பொறுமையாகக் கிளறுங்கள்.

மணல் சேர்த்து அச்சில் போடுதல்

சூடான மணலை மூன்று நான்கு தவணையாகச் சேருங்கள். ஒவ்வொரு தவணையும் முழுக்கக் கலந்தபின் அடுத்தது. நிறம் வேண்டுமென்றால் ரெட் ஆக்சைடு போன்ற தாதுத்தூளை மணலோடு உலர்வாகக் கலந்துவிடுங்கள். கடைசியில் கிடைப்பது கொத்தனார் குழைத்த சிமெண்ட் கலவை போல இருக்க வேண்டும்: கனமாக, பளபளப்பு குறைந்து, வெள்ளையாக ஒரு மணல்மணிகூடத் தெரியாமல். பூச்சு பிடிக்காத மணல் தெரிந்தால் இன்னும் கிளற வேண்டும். கை வலிக்கும் வேலை இது. இரண்டு பேர் மாறி மாறிச் செய்யுங்கள்.

அச்சு என்பது இரும்புப் பட்டையால் பற்றவைத்த அடியில்லாத சதுரச் சட்டம், பிடிக்க இரண்டு கைப்பிடி. மேல்வாயைவிடக் கீழ்வாய் மில்லிமீட்டர் அளவில் அகலமாக இருந்தால் சட்டத்தை மேலே தூக்கும்போது டைல் எளிதாகக் கழன்றுவரும். அடியில் ஒரு சமமான இரும்புத் தகடு. சட்டத்துக்கும் தகட்டுக்கும் துணியால் மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். சொட்டும்படி பூசினால் டைலின் முகத்தில் குழி விழும்.

கலவையை அடுப்பிலிருந்து எடுத்ததும் வேகம் வேண்டும். இரும்புக் கரண்டியால் அள்ளி மூலைகளில் முதலில் திணித்து, பிறகு நடுவை நிரப்புங்கள். கரணையால் குத்திக் காற்றை வெளியேற்றி, மேலே தகடு வைத்து அழுத்துங்கள். வாகனம் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியை ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் நல்ல அழுத்தி தயார். அழுத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நெருக்கமாக டைல் இறுகும்.

மேல்முகம் வழவழப்பாக வந்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மழையில் வழுக்கும். நடப்பதற்கான டைல் என்றால் அடித்தகட்டில் கொஞ்சம் வறுத்த மணலைத் தூவிவிட்டு மேலே கலவையைப் போடுங்கள், அந்த முகம் சொரசொரப்பாக வரும். அதுவே மேல்பக்கம்.

ஆறுவதற்கு அவசரப்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கம் சீக்கிரம் ஆறினால் அந்தப் பக்கம் இழுத்து டைல் கிண்ணம் போல வளையும். கை பொறுக்கும் சூடு வரும்வரை பாரத்தின் கீழேயே இருக்கட்டும். பிறகு சட்டத்தைத் தூக்கி, சமதரையில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

முதல் டைலைப் பார்த்து அடுத்ததைத் திருத்துவது

ஓரம் உதிர்ந்தால் மணல் அதிகம், அல்லது அச்சில் போடுமுன் கலவை ஆறிவிட்டது. வளைந்தால் பிளாஸ்டிக் அதிகம், அல்லது ஆறவிட்ட முறை தவறு. உடைத்துப் பார்க்கையில் உள்ளே குமிழ் இருந்தால் ஈரம். ஒரு வாரம் ஆகியும் நெடி போகவில்லை என்றால் சூடு மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடை, சூடு, நேரம் மூன்றையும் நோட்டில் எழுதி, டைலின் அடியில் அதே எண்ணைக் கீறிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

பதிப்பதற்கு முன் சில டைல்களைத் தியாகம் செய்ய மனம் வேண்டும். ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித்தரையில் போடுங்கள், நொறுங்கக் கூடாது. இன்னொன்றை எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மீண்டும் எடைபோடுங்கள். நன்றாக அழுத்திய டைல் தண்ணீர் குடிக்காது. எடை கூடியிருந்தால் உள்ளே துளைகள் உள்ளன. மூன்றாவதை இரண்டு கட்டைகளின் மேல் பாலம் போல வைத்து, நடுவில் பாரம் ஏற்றி, உச்சி வெயிலில் ஒரு பகல் விடுங்கள். குளிரில் தாங்கும் டைல் வெயிலில் தொய்வதுண்டு.

எங்கே பதிக்கலாம், எங்கே கூடாது

நடைபாதை, முற்றம், தோட்டத்து வழி, தண்ணீர்க் குழாயடி போன்ற இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். வீட்டுக்குள் வேண்டாம். மணல் கலந்திருந்தாலும் இது எரியக்கூடிய பொருள். சமையலறை, அடுப்பைச் சுற்றிய இடம், படுக்கையறை, மாடிப்படி, தீயிலிருந்து வெளியேறும் வழி எதிலும் பதிக்காதீர்கள். கனரக வாகனம் ஏறும் இடத்துக்கு முறையான ஆய்வகச் சோதனை இல்லாமல் போக வேண்டாம். வெயிலில் பல ஆண்டுகள் கிடந்தால் மேற்பரப்பு நைந்து, தேயும்போது நுண்துகள்கள் மண்ணில் சேரும் என்பதும் உண்மை. அதனால் ஓடை, குளக்கரை ஓரங்களைத் தவிர்த்துவிடுங்கள். மேல்முகம் பொடிய ஆரம்பித்தால் டைலை எடுத்துவிட வேண்டும்.

பதிப்பது எளிது. மண்ணைத் தோண்டி, தண்ணீர் வடிய லேசான சரிவு கொடுத்து, நன்றாக இடித்து இறுக்குங்கள். அதன் மேல் மூன்று சென்டிமீட்டர் மணல் பரப்பி, நேரான கட்டையால் இழுத்துச் சமன் செய்து டைல்களை அடுக்குங்கள். சூட்டில் இது சிமெண்ட் கல்லைவிட அதிகம் விரியும். எனவே டைலுக்கு டைல் 5 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். அந்தச் சந்தில் சிமெண்ட் பூச வேண்டாம், பிளாஸ்டிக்கோடு அது ஒட்டாது, விரிசல்தான் விடும். உலர்ந்த மணலைக் கூட்டி நிரப்பினால் போதும். நாலு ஓரமும் நகராமல் இருக்க ஒரு வரிசைக் கல்லோ கட்டையோ பதியுங்கள்.

ஓரத்துக்காக டைலை அறுக்கும்போது கீழே ஒரு விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த தூள், சோதனையில் உடைந்த துண்டுகள், பின்னாளில் பெயர்த்தெடுக்கும் டைல்கள் எல்லாமே திரும்பவும் பாத்திரத்துக்குப் போகும். சுத்தியால் சிறிதாக உடைத்து, காயவைத்து, அடுத்த கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேருங்கள். அவற்றில் மணல் ஏற்கெனவே இருப்பதால், புதிய மணலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.